தாளில் வரைந்த கால்

எனக்கு முதன்முதலாக ஷூ தைத்துத் தந்தவருக்கு நான் செய்ததை எழுதப் போகிறேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வாய் எடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எழுதினால் போகாது என்று நினைக்கிறேன்.

அப்போது நான் நாகர்கோவிலில் ஒரு ரப்பர்த் தோட்டக் கம்பெனியின் ஆபீஸில் தற்காலிக குமாஸ்தா. நாடு விடுதலையாகி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. ஆபீஸில் ஹெட்கிளார்க்கோடு சேர்த்து நாலு பேர். மற்ற மூன்று பேரும் செருப்புப் போட்டு வருவார்கள். நான் வெறுங்காலோடு போவேன். வேட்டியைத் தரையைத் தொடுகிற மாதிரி இறக்கிக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்வேன்.

என் கால் அப்படிப்பட்டது. எங்கள் வீடு இராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே, பனங்காட்டுக்கு நடுவில். அப்பா பனையேறி. அடுத்தவர்களுடைய பனைகளில் ஏறி அக்கானி இறக்குவார். பதநீரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பதினொரு வயதிலிருந்து பதினாறு வயது வரை, அக்கானி இறங்கும் மாதங்களில், நானும் விடிகாலையில் அப்பாவோடு ஏறிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். இரண்டு பாதங்களையும் தளைநார் வளையத்துக்குள் மாட்டி, பாதத்தின் உள்பக்கத்தால் மரத்தைக் கவ்வி ஏற வேண்டும். ஐந்து வருடத்தில் இரண்டு காலிலும் உள்விளிம்பு முழுக்கக் கறுத்துத் தடித்துக் காய்ப்பு விழுந்துவிட்டது. பெருவிரல் மற்ற விரல்களோடு சண்டை போட்டதைப் போல ஒதுங்கி நின்றது. முன்பாதம் முறம்போல விரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துக்காரர் யாரும் அந்தக் காலை ஒருமுறை பார்த்தால் போதும். பனையேறி கால் என்று சொல்லிவிடுவார்.

வேலையில் சேர்ந்த அன்று ஹெட்கிளார்க் கேட்டார், "அப்பனுக்கு என்ன ஜோலி வே?"

"தென்னந்தோப்பு உண்டு சார்."

"எத்தன மரம் நிக்கும்?"

"எண்ணினதில்ல சார்."

எங்களுக்கு முற்றத்தில் நின்றது ஒரே ஒரு தென்னை. அதை எண்ண வேண்டி வந்ததில்லை. ஹெட்கிளார்க் சிரித்தார். "எண்ணி முடியாத தோப்ப வெச்சுக்கிட்டு இங்க எதுக்கு வே பேனா பிடிக்க வந்தீரு?" என்றார். அவர் வடசேரிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர். மரியாதையாகத்தான் பேசுவார், ஆனால் யாருக்கு எவ்வளவு என்று அவரிடம் ஓர் அளவு இருந்தது. தோப்பு உண்டு என்று சொன்னதால் ஆபீஸ் கூஜாவில் நானே தண்ணீர் எடுத்துக் குடிக்க விட்டார். தபால் கொண்டுவரும் ஆளுக்கு வெளியே தனியாக ஒரு செம்பு இருந்தது. கால் தெரிந்துவிட்டால் எனக்கும் அந்தச் செம்புதான் என்று நினைத்துப் பயந்துகொண்டே இரண்டு வருடம் கழித்தேன்.

பிறகு கோட்டயத்திலிருந்து புது மானேஜர் வந்தார். முதல் நாளே எங்கள் மேஜைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இது பெரிய பெரிய ஆளுகள் வருந்ந ஸ்தலமாணு. ஒந்நாம் தேதி முதல் எல்லாரும் தோல் ஷூ இடணும்" என்று மலையாளத்தில் சொன்னார். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில் கிடந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் வேலை எனக்கு. இல்லையென்றால் மறுபடி பனங்காடு.

ஷூ போட்டுவிட்டால் கால் மறைந்துவிடும் என்று ஒரு பக்கம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் ஷூ வாங்க வேண்டுமென்றால் காலைக் காட்ட வேண்டும். மணிமேடைக்குப் பக்கத்தில் ஆயத்த ஷூ விற்கும் கடை ஒன்றுக்கு, பாத நீளத்தைப் பனை ஓலைத் துண்டில் அளந்து எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஓலையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"சார், ஷூ ஓலைக்கா, ஒங்களுக்கா?"

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். "காலைக் கொண்டாங்க சார், ஓலைக்கு ஷூ போட்டா அது நடக்காது" என்றார் மறுபடி. நான் ஓலையைத் திரும்ப வாங்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

இதற்குள் ஹெட்கிளார்க் ஒருவரைக் கண்டுபிடித்திருந்தார். கோட்டாற்றில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருந்தவர். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்கும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தாம் தைத்த ஒரு ஷூவைத் துணியில் சுற்றி எடுத்து ஆபீஸுக்கு வந்தார். ஹெட்கிளார்க் அதை வளைத்தார், நகத்தால் கீறினார், மூக்கருகே கொண்டுபோனார். கன்றுத் தோல். வளைத்த இடத்தில் ஒரு சுருக்கம் நிற்கவில்லை.

"இந்த நாலு ஜோடியும் செரியா வந்துதுன்னு வெச்சுக்க. தோட்டத்துல மேஸ்திரிமாரு, காவக்காரன்னு நாப்பது பேருக்கு பூட்ஸ் வேணும். அதுவும் ஒனக்குத்தான்" என்றார் ஹெட்கிளார்க்.

"நாப்பது ஜோடி கெடச்சா நான் ரோட்டுமேல கடை எடுத்துருவேன் சார். இப்பம் சந்துக்குள்ள கெடக்கேன். நாயிகூட வழி கேட்டுத்தான் வருது" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அது அவருக்கு வேடிக்கைப் பேச்சு இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மதியம் அளவெடுக்க வந்தார். தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் காலை வைக்கச் சொல்லி, சுற்றிப் பென்சிலால் வரைந்துகொள்வார். முதலில் ஹெட்கிளார்க் காலை வைத்தார். நான் மேஜையில் கிடந்த தபால்களை எல்லாம் அள்ளிக்கொண்டு தபாலாபீஸுக்குப் போய்விட்டேன். அளவெடுக்க வந்தவர் போயிருப்பார் என்று உறுதியான பிறகுதான் திரும்பினேன்.

"நீரு எங்க வே போனீரு? கடைக்குப் போய் அளவு குடுத்துட்டு வாரும்" என்றார் ஹெட்கிளார்க்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஆராதனைக்குப் போனபோது தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அவர்கள் தலை மறைந்ததும் எழுந்து, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழுப்புத் தாளை விரித்து வலது காலை வைத்து வரைந்தேன். காலை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மனிதக் காலாகத் தெரியவில்லை, வாத்தின் காலாக இருந்தது. உள்பக்கம் காய்ப்பு பிதுங்கி நின்றது. பெருவிரல் தனியாக ஒரு கிளை. இதை ஷூ தைப்பவர் பார்ப்பார். அடுத்து ஹெட்கிளார்க் பார்ப்பார். அழிரப்பரை எடுத்து உள்பக்கக் கோட்டை அழித்து உள்ளே தள்ளி வரைந்தேன். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தேன். முன்பாதத்தைக் கொஞ்சம் ஒடுக்கினேன். இடது காலையும் அப்படியே. முடித்துப் பார்த்தபோது சம்பளக்காரன் ஒருவனுடைய கால் தாளில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே பிடித்திருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் கோட்டாற்றுக் கடைக்குப் போனேன். படி ஏறாமல் கீழேயே நின்று தாளை நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நின்னுக்கிட்டு வரஞ்சதா, இருந்துக்கிட்டு வரஞ்சதா சார்?"

"நின்னுக்கிட்டு."

"காலை ஒருக்கா வெச்சுக் காட்டுங்க. ஒரு நிமிஷம்தான்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்க அதுக்கே தைங்க."

"தாளு நடக்காது சார், காலுதான் நடக்கும்."

"அதுதான் காலு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பத்து நாளில் ஷூ வந்தது. கரும்பழுப்பு. தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத வேலை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்துதான் அதை வாங்கினார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார், மோந்தார், "கொள்ளாம், கொள்ளாம்" என்று மெச்சினார். பிறகு, "போடுல மக்கா, பாக்கட்டு" என்றார்.

போட்டேன். பாதி தூரம் உள்ளே போய் நின்றுவிட்டது. அம்மை ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து குதிகாலில் தடவினாள். திருகித் திருகி உள்ளே ஏற்றினேன். எழுந்து இரண்டு அடி வைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏலே, அளவு எப்பிடில குடுத்த?" என்றார் அப்பா.

"அவன்தான் கெடுத்துட்டான்" என்றேன்.

அப்பா தன் காலை என் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்க காலுதாம்ல ஒனக்கும். இதுக்கு ஷூ தைக்கதுன்னா வள்ளம் செய்யியவன்தான் வரணும்" என்று சிரித்தார். அவருக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு அவர் காலைத் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது.

ஒன்றாம் தேதி அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். மற்ற மூவரும் டக் டக் என்று நடந்தார்கள். நான் சுவரைப் பிடித்து நடந்தேன். மத்தியானத்துக்குள் சுண்டுவிரல் தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. மானேஜர் கண்டுவிட்டார். "எந்தா?" என்று கேட்டார். "தச்ச ஆளு கெடுத்துட்டாரு சார்" என்றேன். அவர் ஹெட்கிளார்க்கைப் பார்த்து, நாலில் ஒன்று பிழையானால் நாற்பதில் பத்து பிழையாகுமே என்றார். உடனே ஆள் அனுப்பி ஷூ தைத்தவரைக் கூப்பிட்டார்கள்.

அவர் வந்தார். என் மேஜைக்கு முன்னால் எல்லோரும் கூடி நின்றார்கள். ஹெட்கிளார்க், "என்ன வேல செஞ்சு வெச்சிருக்க நீ? பாரு, மனுஷன் நொண்டுகாரு" என்றார்.

அவர் இடுப்பிலிருந்து என் தாளை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார். தாம் தைத்த ஷூவைக் கழற்றித் தரச் சொன்னார். நான் மேஜைக்கு அடியிலேயே கழற்றி, காலை உள்ளே இழுத்துக்கொண்டு, ஷூவை மட்டும் நீட்டினேன். அவர் அதைத் தாளின்மேல் வைத்தார். கோட்டைவிட ஒரு நூல் பெரிதாகவே இருந்தது.

"சார், இது அவரு குடுத்த அளவு. இதுல ஒரு குத்தம் உண்டான்னு நீங்களே பாருங்க. அவரு காலை இந்தத் தாளுமேல வைக்கச் சொல்லுங்க. தாளு செரின்னா நான் நாலு ஜோடியையும் சும்மா தந்துட்டுப் போறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கால் ஷூவுக்குள், ஒரு கால் வெறுங்காலாக நாற்காலிக்கு அடியில். எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அன்று வாயில் வந்தது.

"செருப்பு தைக்கியவன் சொன்னான்னு சபை நடுவுல காலைத் தூக்கி வைக்கணுமா சார்?"

எங்கள் ஆட்களுக்கு எதிராக எத்தனையோ பேர் பேசிய பேச்சு அது. சந்தையிலும் கிணற்றடியிலும் அப்பா கேட்டுக்கொண்டு நின்றதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அதே குரல் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது.

ஹெட்கிளார்க்குக்கு அது பிடித்துவிட்டது. "அது செரிதானே? தோப்புக்காரன் வீட்டுப் பிள்ளைகிட்ட காலை வையின்னு சொல்ல ஒனக்கு என்ன தைரியம்? தையலவிட நாக்கு நீளமா இருக்கே ஒனக்கு" என்றார்.

ஷூ தைத்தவர் என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் கிடந்த ஷூவைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வாய் திறந்ததுபோல இருந்தது. சொல்லவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நாற்பது ஜோடி பூட்ஸும் திருவனந்தபுரத்துக் கடை ஒன்றுக்குப் போயிற்று. எனக்கும் அங்கிருந்தே, நீளத்தில் இரண்டு அளவு பெரிதாக ஒரு ஜோடி வரவழைத்தார்கள். முனையில் துணி திணித்துப் போட்டுக்கொண்டேன். அந்த மாதமே மானேஜர் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேலை உறுதியானதும் பயம் குறையும் என்று நினைத்தேன். குறைந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அந்த மனிதர் வாய் திறந்து மூடியது தெரியும். இரண்டு மாதம் பொறுத்துவிட்டு ஒரு சனிக்கிழமை ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு அந்தக் கடைக்குப் போனேன். இந்தமுறை படி ஏறினேன். அவர் பழைய செருப்பு ஒன்றுக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலைப் பார்த்தார்.

"இதக் காட்டவா வந்தீங்க? நான்தான் மொத நாளே கண்டேனே. நீங்க படிக்குக் கீழ நிக்கும்போ காத்துல வேட்டி ஒதுங்கிச்சு."

"பின்ன ஏன் தாளுக்குத் தச்சீங்க?"

"ஒரு ஆளு மறைக்கியத நான் எதுக்குப் பிடிச்சு இழுக்கணும்? ஒரு நூலு கூட்டித் தச்சேன். இன்னும் கூட்டியிருக்கணும்." ஊசியை மெழுகில் இழுத்துக்கொண்டார். "அன்னைக்கி ஆபீஸ்ல கோவத்துல காலை வைக்கச் சொல்லிட்டேன். பொறவு பேச்ச நிறுத்திக்கிட்டேன். ஆனா சார், ஒண்ணு சொல்லுகேன் கேளுங்க. அந்த ஹெட்கிளார்க்கு என்ன வேணும்னாலும் பேசட்டு, எனக்குப் பழகிப்போச்சு. 'செருப்பு தைக்கியவன்'னு நீங்க சொன்னீங்க பாத்தீங்களா. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நீங்க அதச் சொல்லப்பிடாது."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"காலை யாருக்கும் காட்டாண்டாம். பனையேறின கதையும் சொல்லாண்டாம். 'அளவு நான்தான் தப்பாக் குடுத்தேன்'னு ஹெட்கிளார்க்குகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அடுத்த தடவ பூட்ஸ் வேணும்னா என்னைய நெனச்சுக்கிடுவாரு. அவ்வளவு போதும்."

"சொல்லுகேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். திங்கட்கிழமை ஹெட்கிளார்க்கின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "என்ன வே?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்று ஒரு பழைய கடிதத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன். செவ்வாயும் அப்படித்தான். பிறகு போய் நிற்பதையும் விட்டுவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கும் சமயம் திருவனந்தபுரத்திலிருந்து பூட்ஸ் மூட்டைகள் வந்தன. தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. பிறந்தது முதல் காட்டிலும் மேட்டிலும் வெறுங்காலோடு நடந்தவர்கள் அவர்கள். பாதி பேருக்குக் காலே உள்ளே போகவில்லை. ஒரு காவல்காரர் ரப்பர் வெட்டும் கத்தியால் பூட்ஸின் இரண்டு பக்கத்தையும் கீறிவிட்டுப் போட்டுக்கொண்டார். "பூட்ஸ குத்தம் சொல்லாதீங்க சாரே, எனக்க காலு அதுக்க சாதி இல்ல" என்று சொல்ல, சுற்றி நின்றவர்கள் உருண்டு சிரித்தார்கள். நான் அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கால்கள் ஷூவுக்குள் இருந்தன.

திரும்பி வந்து ஹெட்கிளார்க்கிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"திருவனந்தபுரத்துக்காரனுக்கு நம்ம ஊருக் காலு எப்பிடி வே தெரியும்? போடாத இருபது ஜோடியத் திருப்பி அனுப்பிரலாம். பேசாம அந்தக் கோட்டாத்து ஆளுக்கிட்டயே குடுத்துப் பாப்பமா? எனக்குத் தச்ச ஷூ இன்னும் ஒரு தையலு விடல. ஒமக்கு ஒண்ணுதான் பிழையாப் போச்சு. நீரு செரின்னு சொன்னா நான் மானேஜர்கிட்ட பேசுகேன்."

அறையில் வேறு யாரும் இல்லை. என் வேலை நிரந்தரம். காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அளவு நான்தான் தப்பாகக் கொடுத்தேன் என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்ட ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல, இதைவிட நல்ல சமயம் வராது. ஹெட்கிளார்க் காத்திருந்தார். அன்று ஏன் பொய் சொன்னீர் என்று திருப்பிக் கேட்பாரோ என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

"வேண்டாம் சார். அவரு தையலு ஒண்ணுபோல ஒண்ணு இருக்காது" என்றேன்.

"அப்பிடியா? அப்பம் விடும்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "திருவனந்தபுரத்துக்கே எழுதும். பாதம் அகலமா வேணும்னு எழுதும். எவ்வளவு அகலம்னு ஒரு கணக்கு வேணுமே வே?"

"நான் பாத்து எழுதுகேன் சார்."

என் மேஜைக்கு வந்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். குனிந்து வலது ஷூவைக் கழற்றி, ஆபீஸ் அடிக்கோலைப் பாதத்துக்குக் குறுக்கே வைத்து, காய்ப்பின் விளிம்பிலிருந்து சுண்டுவிரல் வரை அளந்தேன். பெருவிரல் எவ்வளவு ஒதுங்கி நிற்கும் என்பதையும் அளந்தேன். இந்தமுறை எதையும் ஒடுக்கவில்லை. அந்த அளவுகளை நல்ல கையெழுத்தில் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

மூன்று வாரத்தில் இருபது ஜோடியும் வந்தன. எல்லோருக்கும் கச்சிதமாக இருந்தன. அளவு எழுதியது யார் என்று மானேஜர் கேட்டாராம். ஹெட்கிளார்க் என் பெயரைச் சொல்லிவிட்டு, வெளியே வந்து என் தோளில் தட்டினார்.